நிறுத்தியிருந்த காரை டெலிவரி வண்டி இடிச்சிட்டுது: ரிப்பேர் காசை யார்கிட்ட கேக்கறது?

நங்கநல்லூர்க்காரன் (சனி, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்குக் காலையில நடந்தது இது.

எங்க தெருவுல மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் போட்டு மூணு மாசம் ஆகுது. பாதித் தெரு பள்ளம், மீதித் தெரு வண்டி. வீட்ல பார்க்கிங் இல்லாததால கார் எப்பவும் காம்பவுண்டு ஓரமாத்தான் நிக்கும். 2018 ஸ்விஃப்ட், சில்வர் கலர். பதினோரு மணிக்கு ஆன்லைன் பார்சல் கொண்டு வந்த குட்டி யானை, முன்னாடி போக வழியில்லாம ரிவர்ஸ் எடுத்திருக்கு. பின்னாடி நின்னு "வரலாம் வரலாம்" சொல்ல ஆள் கிடையாது, டிரைவர் ஒத்த ஆள். பின் கதவோட கொண்டி என் காரோட இடது பின்கதவுல குத்தி, அப்படியே இழுத்துட்டுப் போயிருக்கு. கதவு உள்வாங்கிடுச்சு, டெயில் லேம்ப் தூள், பின் பம்பர் ஒரு பக்கம் தொங்குது. கீறல் பூரா அந்த வண்டியோட நீலப் பெயின்ட்.

டிரைவர் ஓடிப் போகலை, அதைச் சொல்லணும். இருபத்திரண்டு, இருபத்திமூணு வயசு இருக்கும். கையில இன்னும் நாப்பது பார்சல். "கம்பெனிக்கு மட்டும் போன் பண்ணாதீங்க சார், 1,500 ரூபா ஜிபே பண்றேன்"னு நின்னான். நான் காசு வாங்கலை. லைசென்ஸ், நம்பர் பிளேட், ரெண்டு வண்டியும் நிக்கற நிலை எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கிட்டு அனுப்பிட்டேன். எங்க அம்மா, "அதையாவது வாங்கியிருக்கலாமேடா"ன்னு இன்னும் திட்டிக்கிட்டு இருக்காங்க.

கம்பெனி கஸ்டமர் கேர்ல "அது எங்க வண்டி இல்ல சார், வெண்டார் வண்டி"ன்னுட்டாங்க. வெண்டார்னா கம்பெனிக்கு ஒப்பந்தத்துல வண்டி விடறவர். அவர் நம்பரை டிரைவர்கிட்ட இருந்து வாங்கினேன். அவர் சொன்னது: "டிரைவர்தானே இடிச்சான், அவன்கிட்டயே வாங்கிக்கோங்க."

என்ன பண்ணலாம்? என் இன்சூரன்ஸ் ஃபுல் கவர்தான், ஆனா பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத கவர்) இல்ல.

மவுண்ட்ரோடு மைனர்

ப்ரோ, சொந்த இன்சூரன்ஸ்ல போட்டுட்டு வேலையைப் பாருங்க. இதுக்கெல்லாம் கோர்ட்டு போலீஸ்னு அலைஞ்சா காருக்கு ஆகற செலவை விட டீக்கு ஆகற செலவு ஜாஸ்தி.

கோவை சைக்கிள்

ரோட்ல நிறுத்தினா இடிக்கத்தான் செய்வாங்க. கார் வாங்கத் தெரிஞ்ச நமக்கு நிறுத்த இடம் பாக்கத் தெரியறதில்லைங்க. கோவிச்சுக்காதீங்க, உண்மையைச் சொன்னேன்.

நங்கநல்லூர்க்காரன்

கோவை அண்ணே, கோவம் இல்ல. ஆனா நின்ன காரை வந்து இடிச்சா அது நின்ன காரோட தப்பா?

வக்கீல் அக்கா

தப்பு இல்ல. ஆனா கோவைக்காரர் சொல்றதுல ஒரு துளி விஷயம் இருக்கு, எதிர்த் தரப்பும் இதையேதான் சொல்லும். மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆவது பிரிவு, அடுத்தவங்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ ஆகற மாதிரி வண்டியை விட்டுட்டுப் போகக்கூடாதுங்குது. வளைவுல, நோ பார்க்கிங் போர்டுக்கு அடியில, ராத்திரி வெளிச்சமே இல்லாத இடத்துல நிறுத்தியிருந்தா, உங்க கவனக்குறைவும் சேர்ந்ததுன்னு சொல்லித் தீர்ப்பாயம் ஒரு பங்கைக் கழிக்கலாம். பட்டப்பகல்ல, சொந்த வீட்டு காம்பவுண்டு ஓரமா நேரா நின்ன காருக்கு அந்த வாதம் எடுபடறது கஷ்டம். போர்டு எதுவும் இல்லங்கறது தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைங்க தம்பி.

இனி முக்கியமானது. பொறுப்பு டிரைவரோட நிக்காது. வேலை நேரத்துல டிரைவர் பண்ணினதுக்கு வண்டி ஓனர் பதில் சொல்லணும், ஓனருக்காக அவரோட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கானது) பதில் சொல்லணும். கட்டாய இன்சூரன்ஸ்னு 146-ல வெச்சிருக்கறது இதுக்குத்தான். ஆளுக்கு அடிபட்டாத்தான் தேர்ட் பார்ட்டின்னு பாதிப் பேர் நினைக்கறாங்க. பொருள் சேதமும் அதுல அடக்கம். 165, 166 பிரிவுகள்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல கேக்கலாம். சென்னையில அது ஹைகோர்ட் வளாகத்துல இருக்கற சிறு வழக்குகள் நீதிமன்றம். 2022 ஏப்ரல் 1-ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு சட்டம். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துல வழக்கு இருக்கு, அதை நம்பி நாளைக் கடத்தாதீங்க.

திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே ஸ்டேஷன்ல புகார் கொடுத்து, அதை வாங்கிக்கிட்டதுக்கு அத்தாட்சியா சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க.

தஞ்சாவூர் டு தெம்பனிஸ்

சிங்கப்பூர்ல இப்படி ஆனா 24 மணி நேரத்துக்குள்ள, இல்லன்னா அடுத்த வேலை நாளுக்குள்ள நம்ம இன்சூரன்ஸ்ல ரிப்போர்ட் பண்ணணும். அப்புறம் ஒர்க்ஷாப்காரங்களே எதிராளி இன்சூரன்ஸ் மேல கிளெய்ம் போட்டு முடிச்சுக் கொடுப்பாங்க. அங்க ஏன் அந்த வழி இல்ல?

வக்கீல் அக்கா

இங்க எதிராளி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்க நேரா எழுதினா, "தீர்ப்பாய உத்தரவோட வாங்க"ன்னுதான் பதில் வரும். நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது, ஏன்னா நீங்க அவங்க வாடிக்கையாளர் இல்ல.

ரிட்டயர்ட் சர்வேயர்

முப்பது வருஷம் மோட்டார் சர்வே, அதாவது இன்சூரன்ஸ் கிளெய்முக்கு வண்டிச் சேதத்தை மதிப்பிடற வேலை பார்த்தவன். மைனர் சொன்ன "சொந்த இன்சூரன்ஸ்ல போட்டுடுங்க"ங்கறதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்ப்போம். நங்கநல்லூர் சார், எஸ்டிமேட் வாங்கினீங்களா? நோ கிளெய்ம் போனஸ், அதான் கிளெய்ம் போடாத வருஷங்களுக்குப் பிரீமியத்துல தர்ற தள்ளுபடி, இப்ப எத்தனை சதவீதம் ஓடுது?

நங்கநல்லூர்க்காரன் (ஞாயிறு, மாலை 6.15)

சர்வீஸ் சென்டர்ல இன்னிக்கு வாங்கினேன் சார். கதவு மாத்தணுமாம், 10,500. பம்பரும் லேம்பும் சேர்ந்து 8,000. பெயின்டிங் 12,000. டிங்கரிங், ஃபிட்டிங் கூலி 6,000. ஆக 36,500. பாலிசியில போனஸ் 45 சதவீதம். போனஸ் கழிக்கறதுக்கு முன்னாடி ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியம் கிட்டத்தட்ட 9,000.

ஸ்டேஷனுக்கும் போனேன். "யாருக்கும் அடி இல்லையே, பேசி முடிச்சுக்கோங்க"ன்னாங்க. ஒரு மணி நேரம் நின்ன அப்புறம் சி.எஸ்.ஆர். கொடுத்தாங்க. விபத்துக் கேஸுன்னா போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகச் சொல்லியிருப்பாங்களாம். இதை அந்தக் கணக்குலயே எடுத்துக்கலை.

ரிட்டயர்ட் சர்வேயர்

இப்ப கேளுங்க. வண்டிக்கு ஐந்து வயசு தாண்டிடுச்சு. அதனால இரும்பு பாகத்துக்கு 40 சதவீதம் தேய்மானம், பிளாஸ்டிக்குக்கு 50. கதவுல 4,200 போச்சு. பம்பர், லேம்ப்ல 4,000 போச்சு. பெயின்டிங்ல கால் பங்கை மெட்டீரியல்னு எடுத்து அதுல பாதி கழிப்பாங்க, 1,500. கூலியில கை வைக்க மாட்டாங்க. 1,500 சிசிக்குள்ள இருக்கற காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. மொத்தம் 10,700 உங்க கையில இருந்து. கம்பெனி தர்றது 25,800.

"பரவாயில்லையே"ன்னு தோணும். போனஸைப் பாருங்க. கிளெய்ம் போடலைன்னா அடுத்த ரினிவல்ல 50 சதவீதம், அங்கேயே நிக்கும். போட்டா பூஜ்யம், அப்புறம் 20, 25, 35, 45ன்னு முதல்ல இருந்து ஏறணும். பிரீமியம் அதே 9,000-லயே இருக்குன்னு வெச்சுக்கிட்டா முதல் வருஷம் 4,500 கூட கட்டுவீங்க. அடுத்து 2,700, 2,250, 1,350, 450. கூட்டினா 11,250. வண்டி மதிப்பு இறங்க இறங்க பிரீமியமும் இறங்கும், அதனால கொஞ்சம் குறையலாம். எப்படிப் பார்த்தாலும் "இன்சூரன்ஸ்ல ஃப்ரீயா" பண்ற வேலைக்கு நீங்க கொடுக்கற விலை 21,950.

வெளியில நல்ல டிங்கர்கிட்ட ஒரு எஸ்டிமேட் வாங்கிட்டு வாங்க, பேசுவோம். ஒண்ணு மட்டும்: கிளெய்ம் போடற யோசனை கொஞ்சமாவது இருந்தா, சர்வேயர் பாக்கறதுக்கு முன்னாடி வண்டியில கை வைக்க விடாதீங்க.

மவுண்ட்ரோடு மைனர்

சார், நான் மூணு வருஷமா சின்னச் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட்டுட்டு இருக்கேன். இப்ப வயித்தைக் கலக்குது.

பட்டரவாக்கம் டிங்கர்

அண்ணே போட்டோ பார்த்தேன். கதவு மாத்தவே வேணாம். கொண்டி குத்தின இடத்துல மட்டும்தான் தகடு மடிஞ்சிருக்கு, விளிம்பு நேராத்தான் இருக்கு. உள் டிரிம்மைக் கழட்டிட்டு பின்னால இருந்து டாலி (இரும்பு முட்டு) கொடுத்துத் தட்டினா எழுந்துக்கும். அப்புறம் மெல்லிசா பட்டி, பிரைமர், பெயின்ட். பட்டியை அப்பி அப்பி லெவல் பண்றவன்கிட்ட மட்டும் போயிடாதீங்க, ரெண்டு வெயில் பார்த்தா வெடிச்சு வந்துடும். விரல் முட்டியால தட்டிப் பாருங்க, தகடா இருந்தா டிங்குன்னும், பட்டியா இருந்தா மொத்துன்னும்.

சில்வர்தான் பேஜார் பிடிச்ச கலர். கதவு மட்டும் அடிச்சா வெயில்ல தனியாத் தெரியும், பக்கத்துப் பேனல் வரைக்கும் கலரைக் கலைச்சு விடணும். லேம்பும் பம்பரும் புதுசு ஒரிஜினல் போட்டு, எல்லாம் சேர்த்து 17,000-க்குள்ள முடியும்.

ரிட்டயர்ட் சர்வேயர்

அவ்வளவுதான். இன்சூரன்ஸ்ல போனா 21,950, சொந்தக் காசுல வெளியில பண்ணினா 17,000. அந்த 17,000-ஐ வண்டி ஓனர் கொடுக்கணும்.

மூணு வண்டி முருகேசு

நான் எதிர்க் கட்சி. எனக்கு மூணு குட்டி யானை டெலிவரிக்கு அட்டாச் ஆகி ஓடுது. எங்க பக்கத்தையும் கேளுங்க. கம்பெனி ஒரு நாளைக்கு இத்தனைன்னு பேசித் தருது, அதுல டீசல், டியூ, டிரைவர் சம்பளம், டயர். ஒரு டோர் போனா எனக்கு மாசமே போச்சு. அதனாலதான் "டிரைவர்கிட்ட கேளுங்க"ன்னு வாயில வருது. கடைசியில நாங்கதான் கொடுப்போம், அப்புறம் அவன் சம்பளத்துல மாசம் ஆயிரம்னு பிடிப்போம். ஊர்ல எல்லா ஓனரும் பண்றது இது.

நங்கநல்லூர்க்காரன்

அண்ணே, அந்தப் பையனுக்கு சம்பளமே 15,000 இருக்குமா? உங்ககிட்ட இன்சூரன்ஸ் இருக்கே, அதுல வாங்கிக்கக் கூடாதா? அவன் தலையில ஏன் கட்டறீங்க?

மூணு வண்டி முருகேசு

இன்சூரன்ஸ்ல போனா எனக்கும் போனஸ் போயிடுமே தம்பி?

ரிட்டயர்ட் சர்வேயர்

போகாது. நோ கிளெய்ம் போனஸ் ஓன் டேமேஜுக்கு மட்டும்தான். தேர்ட் பார்ட்டியில கம்பெனி எவ்வளவு கொடுத்தாலும் உங்க போனஸ்ல கை வைக்க முடியாது. சரக்கு வண்டி பாலிசியில பொருள் சேதத்துக்கு வழக்கமா ஏழரை லட்சம் வரைக்கும் கவர் இருக்கும். ஆனா பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் பிரீமியத்தைக் குறைக்கறேன்னு 6,000-ஆ சுருக்கி வெச்சிருந்தா, அதுக்கு மேல முழுசும் உங்க பாக்கெட்தான். இன்னிக்கே பாலிசியை எடுத்து ஐ.எம்.டி. 20-ன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க முருகேசு.

இன்னொண்ணு. கம்பெனியோட எழுத்துச் சம்மதம் இல்லாம நீங்களா தப்பை ஒத்துக்கிட்டுக் காசு கொடுத்தா, அதைத் திருப்பிக் கேக்க முடியாதுன்னு பாலிசி நிபந்தனையிலயே இருக்கு. 17,000-க்கு யாரும் கோர்ட் ஏற மாட்டாங்க, அதனால ஓனருங்க சத்தமில்லாமக் கொடுத்துடறாங்க. கடைசியில பையன் சம்பளத்துல வந்து நிக்குது.

மூணு வண்டி முருகேசு

மூணு பாலிசியும் பார்த்தேன். ஒண்ணுல அந்த வரி இருக்கு. ஏஜென்டுக்குப் போன் போட்டுட்டு இருக்கேன், எடுக்க மாட்டேங்கறான்.

நங்கநல்லூர்க்காரன் (செவ்வாய், இரவு 10.05)

புது விஷயம். எதிர் வீட்டு மாமி வீட்டு கேமராவுல முழுசா பதிவாகியிருக்கு. வண்டி ரிவர்ஸ் வர்றது, குலுங்கி நிக்கறது, பையன் இறங்கி ரெண்டு கையையும் தலையில வெச்சுக்கறது எல்லாம். அதோட, எம்-பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டுப் பார்த்தேன். இன்சூரன்ஸ் நடப்புலதான் இருக்கு. ஓனர் பேரைப் பூராவும் நட்சத்திரக் குறியா மறைச்சிருக்கான். வெண்டார்கிட்ட மறுபடி பேசினா, "கோர்ட்டுக்குப் போறதுன்னா போங்க சார், நான் எத்தனையோ பார்த்தவன்"ங்கறார்.

வக்கீல் அக்கா

கேமரா பதிவை இன்னிக்கே பென்டிரைவ்ல எடுங்க. ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சா பழசு அழிஞ்சுடும். கோர்ட்டுக்கு வேணும்னா பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆவது பிரிவுப்படி சான்று வேணும், மாமிகிட்ட இப்பவே சொல்லி வைங்க. ஓனர் பேருக்குக் கவலைப்படாதீங்க. இழப்பீடு கேக்கறவர் எழுதிக் கேட்டா வண்டி விவரம், இன்சூரன்ஸ் விவரம் கொடுக்கணும்னு 160-ஆவது பிரிவு ஆர்.டி.ஓ.வுக்கும் ஸ்டேஷனுக்கும் சொல்லுது.

ரிட்டயர்ட் சர்வேயர்

அந்த ஆப் ஸ்கிரீன்ஷாட்டை மறுபடி பாருங்க. மறைச்சிருந்தாலும் ஒண்ணு ரெண்டு எழுத்து வெளியில தெரியும். அது உங்க வெண்டார் பேரோட ஒத்துப் போகுதா?

நங்கநல்லூர்க்காரன்

சார்! ஒத்துப் போகலை. வெண்டார் பேர் "க"வுல ஆரம்பிக்குது. ஆப்ல முதல் எழுத்து "எஸ்".

ரிட்டயர்ட் சர்வேயர்

நினைச்சேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டு பேர் மாத்தாம ஓட்டறார். கோர்ட்டைப் பார்த்தவர்னு பேசறாரே, ஆர்.சி.யைப் பார்க்கலை போல.

வக்கீல் அக்கா

இது உங்களுக்கு நல்லது. ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டத்தின் கண்ணுக்கு ஓனர். 2018-ல நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொல்லுச்சு. அந்த வண்டி நாலு கை மாறியிருந்தும் பதிவுல இருந்தவரையே பொறுப்பாக்கினாங்க. வித்தவர் பாவம், "நான்தான் எப்பவோ வித்துட்டேனே"ன்னு வீட்ல நிம்மதியா உக்காந்திருப்பார். ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து ஆர்.சி. விவரம் வாங்குங்க. நோட்டீஸ் நாலு பேருக்கும் போகட்டும்: டிரைவர், வெண்டார், ஆர்.சி. ஓனர், அவங்க இன்சூரன்ஸ் கம்பெனி. ஸ்பீட் போஸ்ட்ல, போய்ச் சேர்ந்ததுக்கான அத்தாட்சியோட. கூட கேமரா படம் ரெண்டு, சி.எஸ்.ஆர். நகல், சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட். 36,500 கேக்கறதா 17,000 கேக்கறதான்னா, நோட்டீஸ்ல சர்வீஸ் சென்டர் தொகையைக் கேளுங்க. பேசி முடிக்கும்போது இறங்கிக்கலாம்.

கோவை சைக்கிள்

நான் முதல்ல சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேனுங்க. என் பழைய பைக்கை வித்து ஒரு வருஷம் ஆச்சு. இப்பத்தான் ஆப்ல போட்டுப் பார்த்தேன், இன்னும் என் பேருலதான் இருக்குது.

வக்கீல் அக்கா

நாளைக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போங்க. விளையாட்டு இல்ல.

நங்கநல்லூர்க்காரன் (பன்னண்டு நாள் கழிச்சு, ஞாயிறு, பகல் 1.20)

முடிஞ்சது. எப்படின்னு சொல்றேன், யாருக்காவது உதவும்.

நோட்டீஸ் போய் மூணாம் நாள் திருவள்ளூர் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் போன் பண்ணினார். ஆர்.சி. ஓனர். வண்டியை வித்து ஒன்றரை வருஷம் ஆச்சாம். "தம்பி, நான் கோர்ட்டு வாசலை மிதிச்சதே இல்ல, என் பேர்ல எப்படிப்பா நோட்டீஸ்"னு குரல் நடுங்குது. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. விஷயத்தைச் சொன்னேன். "நான் பாத்துக்கறேன்"னு வெச்சுட்டார். வெண்டாரை என்ன கேட்டாரோ தெரியாது, மறுநாள் காலையில வெண்டாரே போன் பண்ணி "சார்"ங்கறார். அதுவரைக்கும் "யோவ்"வுக்கு ஒரு படி மேலதான் பேசிட்டு இருந்தார்.

இன்னிக்கு நேர்ல வந்தார். முதல்ல பத்தாயிரம்னார். நான் கேமரா பதிவைப் போட்டுக் காட்டி, டிங்கர் எஸ்டிமேட்டை வெச்சேன். 17,500-ல நின்னுது. 17,000 ரிப்பேர், 500 தபால், ஜெராக்ஸ் செலவு. வெள்ளைப் பேப்பர்ல வண்டி நம்பர், தேதி, தொகை, "இந்தச் சேதத்துக்கு இனி ரெண்டு தரப்புக்கும் பாக்கி இல்ல"ன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து, மாமியும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சி. பணம் என் கண் முன்னாடியே ஜிபேயில வந்துது.

"டிரைவர் சம்பளத்துல பிடிக்காதீங்க"ன்னு சொல்லிப் பார்த்தேன். "அது எங்க விஷயம் சார்"னுட்டார். அதுக்கு மேல எனக்கு வார்த்தை வரலை.

ஒரு கேள்வி பாக்கி: சி.எஸ்.ஆர். அப்படியே இருக்கு. அதை என்ன பண்றது?

வக்கீல் அக்கா

பேசித் தீர்ந்துடுச்சு, மேல் நடவடிக்கை வேணாம்னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுங்க. நகல்ல சீல் வாங்கி, அந்த வெள்ளைப் பேப்பரோட சேர்த்து வைங்க. நோட்டீஸ் போன இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வரி எழுதிடுங்க.

மூணு வண்டி முருகேசு

தம்பி, ஒண்ணு சொல்லணும். என் மூணு வண்டியிலயும் பின் பக்கம் கேமரா மாட்டிட்டேன். ஏஜென்டையும் மாத்திட்டேன். சம்பளத்துல பிடிக்கறது பத்தி இன்னும் யோசிச்சிட்டுதான் இருக்கேன், பொய் சொல்ல மாட்டேன்.

நங்கநல்லூர்க்காரன்

டிங்கர் அண்ணே, புதன்கிழமை வண்டியைக் கொண்டு வரலாமா?

பட்டரவாக்கம் டிங்கர்

காலையில எட்டரைக்குள்ள வந்துடுங்க, மழை மோடமா இருந்தா வேணாம், ஒரு போன் போட்டுட்டு வாங்க. சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கலாம். பழைய பம்பரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுல இருக்கற கிளிப்பெல்லாம் எனக்கு வேணும். பெயின்ட் அடிச்சு ஒரு வாரத்துக்கு வாட்டர் வாஷ் விடாதீங்க. அதுவரைக்கும் அந்தப் பள்ளத்துப் பக்கம் நிறுத்தாம மாமி வீட்டு கேட் பக்கம் நிறுத்துங்க.